ஓவர் எடுக்க ஆள் இல்லை

ஜூலை 3, வியாழன்

காலையில் மோட்டார் ஓடவில்லை. இவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆனாலும் எங்கள் வீட்டு மோட்டாருக்கு வெளியிலிருந்துதான் ஆள் வரவேண்டும். "நான் கம்பத்துல ஏறுதவன், கிணத்துல இறங்குதவன் இல்லை" என்றார். பக்கத்து வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டு ட்யூட்டிக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தொல்லை. ஐசியூவில் ஷெரினுக்கு ஊசி குத்திவிட்டது. ஹெபடைட்டிஸ் பி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி. ஷெரின் மார்த்தாண்டத்துப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேரும்போதே போட்டிருக்க வேண்டிய தடுப்பூசியை ஆஸ்பத்திரி போடவில்லை. இப்போது அவசரமாக வேறொரு ஊசி போடவேண்டும். அதன் விலை அவளுடைய சம்பளத்தை முழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். மேனேஜர் குமாரவேல் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், எதையும் மரியாதையாகத்தான் மறுப்பார். "அவங்க கவனமா இருந்திருக்கணுங்க மேடம். அது அவங்க செலவுங்க" என்றார். கவனக்குறைவுக்கு ஒரு மெமோவும் கொடுக்கச் சொன்னார். நான் நர்சிங் சூப்பிரண்டு. மெமோ என் கையால்தான் போகும். கொடுத்தேன். ஷெரின் வாங்கிக்கொண்டு "தேங்க்யூ மேடம்" என்றாள். பழக்கதோஷம்.

ஊசியும் போட்டாகிவிட்டது. பணத்தை யாரோ கட்டிவிட்டார்களாம். பார்மசியில் கேட்டால் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

இந்த மாதம் புது ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். பழையதே நன்றாகத்தான் ஓடுகிறது. பால் மட்டும் திரிகிறது.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச் முடிந்து வரும்போது சாளை மீன் வாங்கினேன். கழுவிக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மாளும் ஷெரினும் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சிக்கு நாங்குநேரிப் பக்கம். ஐசியூவில் சீனியர். கெட்டிக்காரி, வாய்தான் கூடுதல். மேலதிகாரி வீட்டுக்கு வருகிறவர்கள் ஆப்பிள், ஆரஞ்சு என்று ஏதாவது கொண்டுவருவார்கள். இவள் ஸ்டிரைக்கைக் கொண்டுவந்திருந்தாள்.

"மேடம், வர்ற பதினாலாம் தேதி திங்கக்கிழமை காலைல எட்டு மணியிலேருந்து ஸ்டிரைக். ஆபீஸ்ல நோட்டீஸ் கொடுக்கதுக்கு முன்னால உங்ககிட்ட சொல்லணும்னு வந்தோம்."

நான் செதிலை எடுத்துக்கொண்டே, "நர்ஸ் ஸ்டிரைக் பண்ணக்கூடாது" என்றேன்.

"ஏன் மேடம்?"

"பஸ் ஓடலைன்னா ஜனங்க நடந்து போவாங்க. பேங்க் பூட்டியிருந்தா நாளைக்கு வருவாங்க. மூச்சுத் திணறுதவன் நாளைக்கு வாரேன்னு சொல்லுவானா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். "ஐசியூல ஆறு பேருக்கு நாங்க ரெண்டு பேர் நிக்குதோம் மேடம். அதுல மூணு பேர் வென்டிலேட்டர்ல. ஒருத்தருக்குச் சளி எடுத்துக்கிட்டு இருக்கையில இன்னொருத்தர் டியூபைப் பிடுங்குதாரு. அன்னைக்கெல்லாம் நோயாளிக்கு ஆபத்துன்னு யாரும் சொல்லலை. நாங்க வாசல்ல போய் நிக்கப்போறோம்னதும் எல்லாருக்கும் நோயாளி ஞாபகம் வந்துருது" என்றாள்.

என்னென்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்தேன். வேலைக்குச் சேரும்போது வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவைத்திருக்கிற ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் திரும்ப வேண்டும். ஊசி குத்தினால் வைத்தியம் ஆஸ்பத்திரி செலவில் நடக்க வேண்டும். ஐசியூவில் இன்னும் ஆள் போட வேண்டும். சம்பளத்தைக் கடைசியாகச் சொன்னாள், கொஞ்சம் கூச்சத்தோடு. என்னமோ மற்றதெல்லாம் உரிமை, இது மட்டும் ஆசை என்பதுபோல.

அதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். ஷெரின் மறுபடி மறுபடி சோறு வாங்கினாள். ஹாஸ்டலில் என்னதான் போடுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

இவர் இந்த டைரியைப் படிப்பதில்லை என்கிறார். ஆனால் அவர்கள் போனபிறகு, கேட்காமலே, "திரிஞ்ச பால்ல பன்னீர் செய்யலாமாம். பழைய ஃப்ரிட்ஜே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். மத்தியானம் சின்ன டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். ஆஸ்பத்திரியைக் கட்டிய பெரிய டாக்டரின் மகன் என்பதால் அந்தப் பெயர். தலை நரைத்த பிறகும் எல்லோருக்கும் சின்ன டாக்டர்தான். நல்ல சர்ஜன், அதில் குறை சொல்ல முடியாது.

எனக்குக் காபி கோப்பையும் சாஸருமாக வந்தது. இத்தனை வருஷத்தில் எவர்சில்வர் டம்ளரில்தான் வந்திருக்கிறது. என்னமோ விஷயம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த மாதக் கடைசியோடு எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. ரிட்டயர்மென்ட். சின்ன டாக்டர் இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துத் தருகிறேன் என்றார். நர்சிங் டைரக்டர் என்று பதவி. தனி அறை, ஏசி. "இந்த நேரத்துல உங்களை மாதிரி ஒருத்தர் எங்ககூட நிக்கணும் மேடம். நீங்க எங்க பக்கம்தானே?" என்று கேட்டார்.

"நான் நோயாளி பக்கம் டாக்டர்" என்றேன்.

நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது. அவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் கொஞ்சம் இடித்தது.

வீட்டில் இருக்க எனக்கொன்றும் பயமில்லை. இவர் செய்தித்தாளைக் காலையில் ஒரு தடவையும் பத்து மணிக்கு மேல் இன்னொரு தடவையும் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். மரண அறிவிப்புகளைச் சத்தமாகப் படிப்பார். நீட்டிப்பு கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. இவரிடம் ஸ்டிரைக்கைப் பற்றிப் பேசியிருக்கக்கூடாது, பேசிவிட்டேன். இவர் வேலையிலிருந்த காலத்தில் ஸ்டிரைக் என்றால் முதல் ஆளாகப் போவார். ஒரு தடவை கைதாகி, கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல சாம்பார் என்று வந்து சொன்னார்.

"நாங்க கம்பத்தை விட்டு இறங்கினா ஊரு இருட்டுல கிடந்து திட்டும். மறுநாள் லைட்டு எரிஞ்சதும் மறந்துரும். உங்க வேலை அப்படி இல்லைதான்" என்றார்.

"அதைத்தானே நானும் சொல்லுதேன். பண்ணக்கூடாத வேலை."

"பண்ணக்கூடாத வேலைன்னா, பண்ண வேண்டிய அவசியம் வராத மாதிரி வச்சுக்கிடணும்லா? அந்தப் பிள்ளைக வாயை மட்டும் கட்டினா எப்படி கனகு?"

எழுந்து போய் உப்புமா கிண்டினேன். உப்பு போட மறந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

ஜூலை 12, சனி

ட்யூட்டி போடுகிற நாள். குமாரவேல் சார் என் அறைக்கே வந்தார். "ஞாயித்துக்கிழமை நைட்டு ஐசியூவுக்குப் பேச்சியம்மாளையும் ஷெரினையும் போட்டுருங்க மேடம்" என்றார். ஏற்கெனவே போட்டிருந்தது வேறு இரண்டு பேரை. ஏன் என்று கேட்டேன். "சீனியர் இருந்தா நல்லதுங்களே" என்றார். அதில் தப்பில்லை. மாற்றிப் போட்டேன். போட்டதைப் பார்த்துவிட்டுப் பேச்சியும் மறுக்கவில்லை. "கடைசி நைட்டை நாங்களே நல்லபடியா பாத்துட்டு வெளிய வாறோம் மேடம்" என்றாள்.

ராத்திரி சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் ஸ்டிரைக் ஆரம்பிக்கும்போது வார்டுகளில் இருக்கிற பிள்ளைகள், ஆஸ்பத்திரி நடத்துகிற நர்சிங் கல்லூரி மாணவிகளிடம் ஓவர் கொடுத்துவிட்டு வெளியே போவார்கள் என்றேன்.

"ஓவர்னா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து.

சொன்னேன். ட்யூட்டி முடிந்து போகிறவள், அடுத்து வருகிறவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டாகப் போய் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். என்ன மருந்து ஓடுகிறது, எவ்வளவு சிறுநீர் போனது, முதுகில் புண் இருக்கிறதா, எல்லாம். வருகிறவள் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லும்வரை போகிறவள் அங்கேயிருந்து நகரக்கூடாது. வீட்டில் கல்யாணமானாலும் சாவானாலும் சரி. ஓவர் கொடுக்காமல் போனால் நோயாளியை அநாதையாகப் போட்டுவிட்டுப் போனதாக அர்த்தம். நர்சிங் கவுன்சிலுக்குப் புகார் போனால் நர்ஸ் என்ற பதிவே ரத்தாகிவிடும். ஆனால் அதற்குப் பயந்து யாரும் நிற்பதில்லை. அப்படியே பழகிவிட்டோம், கால் நகராது.

"வர்றவ வரலைன்னா?"

"போறவ நிக்கணும்."

"எது வரைக்கும்?"

"வர்ற வரைக்கும்."

இவர் ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "உங்க மேனேஜர் லேசுப்பட்ட ஆள் இல்லை" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் தூங்கிவிட்டேன். போதகர் பார்த்துவிட்டார். மீன் வாங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஸ்டிரைக் ஆரம்பித்துவிட்டது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வெள்ளை யூனிபாரத்தோடு நிற்கிறார்கள். மைக் இல்லை. கோஷம் போடத் தெரியவில்லை. ஜெபத்துக்கு ஆமென் சொல்வதுபோல மெதுவாகச் சொல்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றாராம்.

வார்டுகளில் ஒரு குழப்பமும் இல்லை. கல்லூரி ஆசிரியைகள் மாணவிகளைக் கூட்டிவந்து ஓவர் எடுத்துக்கொண்டார்கள். நைட் ட்யூட்டிப் பிள்ளைகள் பொறுமையாக ஒப்படைத்துவிட்டு வெளியே போய் நின்றார்கள்.

ஐசியூவுக்கு மட்டும் யாரும் வரவில்லை. மாணவிகளை அங்கே விட முடியாது, அது சரி. ஆனால் வேறு ஆளையும் கொண்டுவரவில்லை. நான் ஐசியூ வாசலில் செருப்பை மாற்றும்போது குமாரவேல் சார் வந்தார்.

"நீங்க ஓவர் எடுக்க வேண்டாங்க மேடம். அவங்க ரெண்டு பேரும் உள்ளயே இருக்கட்டும். தலைவி இல்லாம வெளிய எத்தனை நாளைக்குக் கத்துவாங்க? ஓவர் கொடுக்காம வந்தாங்கன்னா கவுன்சிலுக்கு எழுதிரலாம். எப்படிப் பாத்தாலும் நமக்கு நல்லதுங்க."

"சின்ன டாக்டர் சொன்னாரா?"

"டைரக்டர் மேடத்துக்கு நான் சொல்லித்தான் தெரியணுமாங்க?" என்று சிரித்தார்.

உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் பேச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மேடம் வந்துட்டாங்க" என்று ஷெரினிடம் சொல்லிவிட்டு, என்னை முதல் பெட்டுக்குக் கூட்டிப்போய், "முதல் பெட், தென்காசிக்காரர்" என்று ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பொறு பேச்சி" என்றேன்.

நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "ஐசியூவை மட்டும் யாரு எடுப்பான்னு கூட்டத்துல ஒருத்தி கேட்டா மேடம். நீங்க இருக்கீங்கள்லா, அதனால நாங்க அதைப் பத்திப் பேசவே இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

என்னைக் கேட்காமலே என்னை நம்பியிருக்கிறார்கள். கேட்டிருக்க வேண்டாமா? இது ஒரு சங்கம் நடத்துகிற லட்சணமா?

நான் என் அறைக்குப் போய்ப் போர்வைக் கணக்கு பார்த்தேன். போன வாரமே பார்த்த கணக்குதான். சரியாகத்தான் இருந்தது.

காலையில் இட்லியும் மத்தியானம் சாம்பார் சாதமும் வாங்கிக்கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தேன். குமாரவேல் சார், ஸ்டிரைக் செய்கிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டார். ஸ்டிரைக் செய்கிறவர்கள் கேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள், இவர்கள் ட்யூட்டியில் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவரால் அதை மறுக்க முடியவில்லை.

சாயங்காலமும் யாரும் வரவில்லை. பேச்சி நோயாளிகளைத் துடைத்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் மாறி மாறி மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் கீழே படுத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள். வெளியே கோஷம் கேட்கும்போதெல்லாம் பேச்சியின் வாய் சத்தமில்லாமல் கூடவே சொன்னது. வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் நிறுத்திவிட்டு ஓடினாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். அவர்கள் வரவில்லை. இவர் தட்டை எடுத்து வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இவர் படித்தாலும் பரவாயில்லை.

ஜூலை 15, செவ்வாய்

(இந்தப் பக்கத்தைப் புதன்கிழமை எழுதுகிறேன். நேற்று டைரி வீட்டில் இருந்தது, நான் இல்லை.)

ஜூலை 16, புதன்

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன், இவர் பக்கம் புரட்டித் தேட வேண்டாம். ஸ்டிரைக் முடிந்துவிட்டது. பீரோவைத் திறந்து சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட்டார்கள். ஊசி குத்தினால் இனி ஆஸ்பத்திரி செலவு. ஐசியூவுக்கு இன்னும் இரண்டு பேர். சம்பளத்துக்கு ஒரு கமிட்டி. கமிட்டி என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், பேச்சிக்கும் தெரியும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே பேசுகிறாள். எனக்கு வேலை போய்விட்டது. ராத்திரி உள்ளே வந்த பிள்ளைகளிடம் ஓவர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். காலையில் இவர் மரண அறிவிப்பு படித்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி செவ்வாய்க்கிழமை நடந்தது.

காலையில் ஐசியூவுக்குள் போனபோது பேச்சி இரண்டாம் பெட்டில் நின்றாள். அங்கே இருக்கிறவர் சுரண்டைப் பக்கம் வாழை வியாபாரி. ரத்த அழுத்தம் விழாமல் இருக்க மருந்து பம்பில் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து தீர்ந்து புது சிரிஞ்ச் மாட்டியிருந்தாள். ஐந்து என்று வைக்க வேண்டும். நான் பக்கத்தில் போகும்போது பம்பில் ஐம்பது என்று இருந்தது, பேச்சியின் விரல் ஸ்டார்ட் பட்டன்மேல் இருந்தது.

கையைப் பிடித்துவிட்டேன்.

அவள் பம்பைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள், அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல. "மேடம், எனக்குக் கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள். அப்புறம் அழுதாள். பேச்சி அழுது நான் பார்த்ததில்லை. வாழை வியாபாரியின் பெண்சாதி கண்ணாடிக்கு வெளியே நின்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் நன்றாகிவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும்.

எண்ணைத் திருத்தி மருந்தை ஓடவிட்டேன். கை கழுவினேன். எனக்குக் கோபம் வந்தது. பேச்சிமேல் இல்லை. நோயாளி பக்கம் என்று காபி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேனே, அந்தப் பெண்பிள்ளைமேல்.

"பேச்சி, ஓவர் கொடு" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம் மேடம். நீங்க எடுத்தா உங்களுக்கு வேலை போயிரும். மேனேஜர் சொல்லிட்டுப் போனாரு" என்றாள்.

"உன்கிட்ட நான் யோசனை கேக்கலை."

"ஸ்டிரைக் பண்ணக்கூடாதுன்னு சொன்னீங்கள்லா மேடம்."

"இப்பவும் அதைத்தான் சொல்லுதேன். நின்னுக்கிட்டே தூங்குத நர்ஸ் மருந்து ஓட்டக்கூடாதுன்னும் சொல்லுதேன். கொடு."

"மாட்டேன். இந்த மாசம் முடிய நீங்க நல்லபடியா ரிட்டயர் ஆகணும்."

இத்தனை வருஷ சர்வீஸில் ஸ்டிரைக்குக்குப் போகச் சொல்லி ஒரு பிள்ளையிடம் கெஞ்சுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். கெஞ்சினால் நடக்கவில்லை. அதனால் அதிகாரமாகச் சொன்னேன். "பேச்சியம்மாள், ஷெரின், ரெண்டு பேருக்கும் ட்யூட்டியை மாத்தியிருக்கேன். இன்னைக்கு உங்களுக்கு ட்யூட்டி கேட் வாசல்ல. மேலே ஏதாவது இருந்தா எழுதிக் கொடுங்க."

ட்யூட்டி என்றதும் பேச்சியின் முதுகு தானாக நிமிர்ந்தது. முதல் பெட்டிலிருந்து ஆரம்பித்தாள். தென்காசிக்காரருக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. மூன்றாம் பெட் அம்மாவுக்கு இடுப்பில் சிவந்திருக்கிறது, இடது பக்கம் படுக்கவைக்கக்கூடாது. ஐந்தாம் பெட் தாத்தா கை கட்டாவிட்டால் டியூபைப் பிடுங்குவார், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிடுங்கமாட்டார். கண் இரண்டு இரண்டாகத் தெரிகிறவள், ஒன்றை விடாமல் சொன்னாள். எல்லாம் முடிந்ததும், எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். ஷெரின் போகும்போது என் காலைத் தொட்டாள். ஐசியூவில் தரையைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் போகிறாளே என்று சத்தம் போட்டேன்.

அவர்கள் வெளியே போய்ச் சேர்ந்தது எனக்கு உள்ளே இருந்தே தெரிந்தது. கோஷம் அப்போதுதான் கோஷம் மாதிரி கேட்டது.

குமாரவேல் சார் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "யார் சொல்லி ஓவர் எடுத்தீங்க?" என்று கேட்டார். அவசரத்தில் 'மேடம்' விட்டுப்போயிற்று.

"யாரும் சொல்லலை சார். ஓவர் எடுக்கதுக்கு ஓவர் கொடுக்க ஒரு ஆள் போதும்" என்றேன்.

அடுத்து ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ஒரு நர்ஸ் ஒரு வென்டிலேட்டரைப் பார்க்கலாம், மூன்றைப் பார்க்க முடியாது, இரண்டு பேரைக் கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். அவர் சின்னப் பையன், பயந்தான், ஆனால் நோயாளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தான். சொந்தக்காரர்களிடம் நானே பேசினேன். இங்கே நர்ஸ் இல்லை, அங்கே இருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் இரண்டு ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டிப் போயின. பிள்ளைகள் கோஷத்தை நிறுத்திவிட்டு வழிவிட்டு நின்றார்களாம். மூன்றாவதாகத் தென்காசிக்காரரின் மகனும், எங்க அப்பாவையும் அங்கேயே கொண்டுபோயிரலாமா என்று கேட்க ஆரம்பித்தார்.

அதன்பிறகுதான் சின்ன டாக்டர் வந்தார். வாசலில் செருப்பை மாற்றி, கை கழுவி, முறைப்படி உள்ளே வந்தார். நான் ஐந்தாம் பெட் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை, கையை விட்டால் டியூபுக்குப் போகும்.

"ஆஸ்பத்திரியைக் காலி பண்றீங்களா மேடம்?"

"பாக்க முடியாத நோயாளியை வச்சுக்கிடக்கூடாதுல்லா டாக்டர்."

"உங்களுக்கு எவ்வளவு செஞ்சோம்."

"ஆமா டாக்டர்."

"நீங்க முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும்கூட வரவேண்டாம். இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

"சரி டாக்டர்" என்றேன். ஐசியூவை விட்டுப் போகச் சொன்னால் எனக்கு வேறு போக்கிடம் இல்லாத மாதிரி இருந்தது. தாத்தா என் விரலை இறுக்கிப் பிடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் எப்போதும் அப்படித்தான் பிடிப்பார். "ஓவர் எடுத்துக்கிடுங்க. போயிருதேன்."

கேலி செய்கிறேன் என்று நினைத்தார். நான் கேலி செய்யவில்லை. இருக்கிற நாலு பேரை யாரிடமாவது ஒப்படைக்காமல் நான் எப்படிப் போவேன்? "முதல் பெட், தென்காசிக்காரர்" என்று ஆரம்பித்தேன். என்ன மருந்து ஓடுகிறது, எப்போது மாற்ற வேண்டும், எப்போது சளி எடுக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டும், மலம் போனால் யார் துடைக்க வேண்டும். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை, எல்லாம் அவர் எழுதிக்கொடுத்ததுதான். அவர் குமாரவேல் சாரைத் திரும்பிப் பார்த்தார். குமாரவேல் சார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். ட்யூட்டி டாக்டர் தரையைப் பார்த்தான்.

"எனக்கு நாளைக்குக் காலைல மூணு ஆபரேஷன் இருக்கு மேடம்" என்றார் சின்ன டாக்டர், குரல் இறங்கி. "இதையெல்லாம் நான் எடுத்துக்கிட்டு, அப்புறம் யார்கிட்ட கொடுக்கறது?"

"அடுத்து வர்றவங்ககிட்ட."

"யாரு வருவா?"

அது என் கேள்வி இல்லை.

சின்ன டாக்டர் தாத்தாவின் கால்மாட்டில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பேச்சியின் சத்தம் தனியாகக் கேட்டது. தூங்கப் போகச் சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. பிறகு எழுந்தார். குமாரவேல் சார் கதவைத் திறந்து, "நான் போய்ப் பேசறேனுங்க டாக்டர்" என்றார். சின்ன டாக்டர் நிற்கவில்லை. அவரே இறங்கிப் போனார். ஐசியூ செருப்போடேயே போனார். வராந்தாவைத் தாண்டி, முற்றத்து மண்ணில் இறங்கி, கேட் வரைக்கும், அதே செருப்போடு.

ஐசியூ செருப்பை வெளியே போட்டுக்கொண்டு போகக்கூடாது. டாக்டராக இருந்தாலும் அதே இடத்தில் நிறுத்திச் சொல்லிவிடுவேன், அதுதான் என் வழக்கம். நேற்று ஒன்றும் சொல்லவில்லை.